அலையாண்டி கட்டிய கூடு

உங்கள் பூட்டனுக்குப் பூட்டன் பிறப்பதற்கும் முன்னால், ராஜா இல்லாத ஒரு ராஜ்யம் இருந்தது. ராஜா இல்லையென்றால் மந்திரியும் இல்லை, மாளிகையும் இல்லை, ஒதுங்கி நிற்க ஒரு மரம்கூட இல்லை. வடக்கே, இன்னும் வடக்கே, இனிமேல் வடக்கு என்று ஒன்று கிடையாது என்கிற இடம் வரைக்கும் போனால் அந்த ராஜ்யம் வரும். பனிக்கட்டி மிதக்கிற ஒரு கடல். கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கிற ஒரு கறுப்பு மலை. அவ்வளவுதான் அந்த ராஜ்யம்.

குளிர்காலம் முழுக்க அங்கே ஈ காக்கை இருக்காது. ஆனால் கோடை பிறக்கட்டும், சூரியன் மறைவதையே மறந்துவிட்டு வானத்தைச் சுற்றிச் சுற்றி வரட்டும், அப்போது பாருங்கள்! எங்கிருந்துதான் வருமோ, லட்சம் பறவைகள் வந்து இறங்கும். கத்தலும் கூவலும் சண்டையும் சிரிப்பும் பத்துத் திருவிழாவுக்குக் காணும். எல்லாம் முட்டையிட வந்த கூட்டம்.

முட்டையிட வீடு வேண்டுமே? ஒவ்வோர் இனமும் தனக்குத் தெரிந்த வீட்டைக் கட்டிக்கொள்ளும். சின்னக் கடற்புறாக்கள் ஓடையில் ஈரமண்ணை வாயில் அள்ளிவந்து, பாறையில் அப்பிக் கிண்ணம்போலக் கூடு கட்டும். வண்ணமூக்குப் பறவைகள் மலையுச்சியில் வளை தோண்டி உள்ளே புல் பரப்பும். கடல்வாத்துகள் தங்கள் நெஞ்சுத் தூவியைத் தாங்களே பிடுங்கி மெத்தை போடும்.

பாறைப்புள் என்று இன்னொரு பறவை உண்டு. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, மூக்கு ஊசி. அது மட்டும் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாது. மலையின் பக்கவாட்டில் முழ அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் வெறும் பாறை விளிம்பில் வரிசையாக நின்றுகொள்ளும். சோடிக்கு ஒரே ஒரு முட்டை. அதைப் பாதத்தின் மேல் ஏந்தி, வயிற்றால் பொத்தி, நின்றபடியே அடைகாக்கும். கீழே எட்டிப் பார்த்தால் எண்ணூறு அடி. அதற்கும் கீழே கடல்.

கேட்கிற உங்களுக்கே பயமாக இருக்கிறது அல்லவா? அலையாண்டிக்கும் அப்படித்தான் இருந்தது.

அலையாண்டி ஓர் இளம் பாறைப்புள். அந்தக் கோடையில்தான் முதன்முதலாக அப்பா ஆகப்போகிறவன். நல்லவன், உழைப்பாளி, ஆனால் கவலைப் பிண்டம். அவன் பெண்டாட்டி பனிமொழி முட்டையிட்ட நாளிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. காற்று அடித்தால் முட்டை உருண்டுவிடுமோ, மழை பெய்தால் வழுக்கிவிடுமோ, யாராவது தும்மினால் விழுந்துவிடுமோ என்று விளிம்பில் ஓரமாக நின்று நடுங்குவான்.

உண்மையில் நடுங்க வேண்டியதே இல்லை. பாறைப்புள் இனத்துக்குக் கூடு இல்லாவிட்டாலும் மூன்று காவல் உண்டு.

முதல் காவல், முட்டையின் வடிவம். ஒரு முனை பருத்து, மறுமுனை கூர்த்து இருக்கும். இடித்தால் நேரே ஓடாது. வட்டமடித்து அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாம் காவல், தோள். விளிம்பு முழுவதும் தோளோடு தோள் உரச, ஒரு மூக்கு நுழையச் சந்து இல்லாமல், ஊசிமூக்குகளை வெளியே நீட்டியபடி நிற்பார்கள். முட்டை திருடும் எந்தப் பறவையும் அங்கே கால் வைக்க முடியாது.

மூன்றாம் காவல், பேச்சு. ஓடு உடைவதற்கு நான்கு நாள் முன்பே குஞ்சு உள்ளேயிருந்து 'கீ கீ' என்று பேச ஆரம்பிக்கும். அப்போது அம்மாவும் அப்பாவும் மாற்றி மாற்றி முட்டையோடு பேச வேண்டும். ஊர்க்கதை, மீன்கதை, எதை வேண்டுமானாலும். எதற்காக? ஓடு உடைந்து மூன்று வாரத்தில், இறக்கை முளைப்பதற்கு முன்பே, குஞ்சு அந்த விளிம்பிலிருந்து கடலில் குதித்தாக வேண்டும். அப்பா முன்னால் போய்க் கீழே மிதந்தபடி கூப்பிடுவார். ஆயிரம் அப்பாக்கள் ஒரே நேரத்தில் கூப்பிடும் அந்த இரைச்சலில், தன் அப்பாவின் குரலைக் குஞ்சு கண்டுபிடித்துக் குதிக்கும். குரல் தெரியாத குஞ்சு குதிக்காது. குதிக்காத குஞ்சு பிழைக்காது.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அலையாண்டி வைத்துக்கொள்ளவில்லை.

அவனுக்கு வினை மேல்வீட்டிலிருந்து வந்தது. மேல் பாறையில் மண்ணழகி என்ற கடற்புறா குடியிருந்தாள். அவளுடைய மண்கூடுதான் அந்த மலையிலேயே பெரியது என்று அவளே சொல்லிக்கொள்வாள். ஒரு நாள் கழுத்தை நீட்டிக் கீழே பார்த்தாள்.

"ஏன் அலையாண்டி அண்ணே, முட்டை போட்டவள இப்படி நடுத்தெருவுல நிக்க வச்சிருக்கீங்களே, ஒரு வாய் மண்ணுக்கா பஞ்சம்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அலையாண்டிக்குச் சுருக்கென்று தைத்தது. கட்டுகிறேன் பார், மண்ணும் வைத்து, புல்லும் வைத்து, மெத்தையும் போட்டு, இந்த மலை பார்த்திராத கூடு கட்டுகிறேன் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தான்.

பனிமொழி சொன்னாள், "ஏங்க, நம்ம சனத்துல யாரும் கூடு கட்டினதே இல்லீங்களே. இங்க கேளுங்க, முட்டை பேச ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு வார்த்த பேசுங்க."

பாதத்தின் மேலிருந்து 'கீ கீ' என்று மெல்லிய சத்தம் வந்தது.

"வந்து பேசுறேன்," என்று சொல்லிவிட்டு அலையாண்டி பறந்துவிட்டான்.

நேராக ஓடைக்குப் போனான். அங்கே கடற்புறாக்கள் நாசூக்காக மண்ணைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தன. அலையாண்டிக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியுமா? மீனைக் குத்துகிற வேகத்தில் மண்ணைக் குத்தினான். ஊசிமூக்கு கண் வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. இழுக்கிறான், வரவில்லை. காலை உதைக்கிறான், வரவில்லை. இறக்கையை அடித்துக்கொண்டு உயிரைக் கொடுத்து இழுத்ததில் 'பொளக்' என்று பிடுங்கிக்கொண்டு மல்லாந்து விழுந்தான்.

"ஐயோ, என் மூக்கு!"

ஓடையே சிரித்தது. ஆனாலும் மண் கிடைத்துவிட்டது. போனான், வந்தான், போனான், வந்தான், அன்று முழுக்க நாற்பது நடை. அடைகாக்கிற முறை தனக்கு வந்தபோதும், முட்டையைப் பாதத்தில் வாங்கிக்கொண்டு வாயை மூடி நின்றான். இன்னும் எத்தனை வாய் மண் வேண்டும் என்று மனதுக்குள் கணக்கு ஓடியது. உள்ளேயிருந்து 'கீ கீ' என்று கேட்டுப் பார்த்த குஞ்சு, பதில் இல்லாததால் சும்மா இருந்துவிட்டது.

மறுநாள் புல் வேண்டியிருந்தது.

"ஏங்க, நேத்தே பேசுறேன்னீங்க," என்றாள் பனிமொழி.

"வந்து பேசுறேன்."

மலையுச்சியில் வண்ணமூக்குப் பறவைகளின் வளைகளுக்குள் காய்ந்த புல் கட்டுக்கட்டாக இருந்தது. ஒரு வளையில் ஆள் இல்லை என்று நினைத்துத் தலையை விட்டு ஒரு கற்றையை இழுத்தான். உள்ளேயிருந்து சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பெரிய மூக்கு வந்து, இவன் மூக்கைக் கவ்விக்கொண்டது. "எவன்டா அவன், பட்டப்பகல்ல!" என்று உள்ளேயிருந்து குரல். அலையாண்டி பின்பக்கமாகவே நடந்து, புல்லோடு வெளியே வந்து விழுந்தான்.

"ஐயோ, என் மூக்கு!"

அன்றைக்கு மண்ணின் மேல் புல் ஏறிற்று. கூடு பக்கவாட்டில் ஒரு முழத்துக்கு மேல் நீண்டுவிட்டது. வலப்பக்கம் நின்ற கூர்மூக்கன் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"தம்பி, உன் கூடு என் விலாவுல குத்துது. நான் எங்க போய் நிக்க?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே. ரெண்டே அடி."

கூர்மூக்கன் முனகிக்கொண்டே இரண்டு அடி தள்ளி நின்றான். கூட்டுக்கும் அவனுக்கும் நடுவே வெறும் பாறை தெரிந்தது. அலையாண்டி அதைப் பார்க்கவில்லை, அவன் கூட்டின் அழகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடைவெளியைப் பார்த்தது வேறொரு பறவை. தீவட்டி என்று அதற்குப் பெயர். பெரிய கடற்காகம், முட்டைத் திருட்டில் அந்த மலைக்கே தலைவன். எத்தனையோ கோடைகளாக அந்த விளிம்பில் கால் வைக்க இடம் தேடிச் சலித்தது. அன்று தன் கண்ணையே நம்பாமல் மூன்று முறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

மூன்றாம் நாள் மெத்தை ஒன்றுதான் பாக்கி.

"இன்னிக்கு ஓடு உடைஞ்சிரும் போல இருக்குங்க. எங்கயும் போகாதீங்க. ஒத்த வார்த்தையாவது பேசுங்க," என்று பனிமொழி கெஞ்சினாள்.

"மெத்தை இல்லாம குஞ்சு எதுல படுக்கும்? வந்து பேசுறேன்."

பறந்துவிட்டான்! கரையோரம் ஒரு கடல்வாத்து தன் தூவி மெத்தையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அலையாண்டி ஊர்ந்து ஊர்ந்து பக்கத்தில் போய் ஒரு வாய் தூவியைப் பிடுங்கினான். அவள் கண்ணைத் திறக்காமலேயே, பட்டையான மூக்கால் இவன் மூக்கின்மேல் ஒரு போடு போட்டாள்.

"ஐயோ, என் மூக்கு!"

கத்தியதில் வாயிலிருந்த தூவியெல்லாம் பறந்துபோயிற்று. பொறுக்கினான், ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். வாய் நிறைய அடைத்துக்கொண்டு, வலிக்கிற மூக்கோடு, ஆனந்தமாக மலைக்குத் திரும்பினான்.

விளிம்பை நெருங்கும்போதே பார்த்துவிட்டான். இடைவெளியில் தீவட்டி நிற்கிறது! பனிமொழி முட்டையை வயிற்றுக்கடியில் அழுத்திக்கொண்டு, இறக்கையை விரித்துத் தடுத்து, குத்துகிறாள். அவளுடைய இறக்கையைக் கவ்வித் தீவட்டி முறுக்குகிறது. கூர்மூக்கன் முதுகைக் காட்டி அந்தப் பக்கம் பார்த்து நிற்கிறான். அலையாண்டி ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், வரிசையே திரும்பியிருக்கும். ஆனால் எப்படிக் கத்துவான்? வாய் நிறைய மெத்தை!

துப்பினான், தொண்டையில் ஒட்டிக்கொண்டது. இருமினான். கடைசியில் குரல் வருவதற்குள் பனிமொழியே வீறிட்டாள். கூர்மூக்கனும் மற்றவர்களும் திரும்பிப் பாய்ந்தார்கள். பத்து ஊசிமூக்குகள் ஒன்றாகக் குத்த, தீவட்டி தடுமாறிக் கூட்டின்மேல் விழுந்தது. மண்ணும் புல்லுமாக அந்த அழகான கூடு பாறையிலிருந்து பெயர்ந்து, எண்ணூறு அடி கீழே போய்க் கடலில் கரைந்தது. தீவட்டி அலறிக்கொண்டு பறந்தது.

முட்டை? பத்திரம். அந்த அமளியில் பனிமொழியின் பாதத்திலிருந்து நழுவி, ஒரு வட்டமடித்து, சுவரோரம் சாய்ந்து நின்றது. ஆனால் அவளுடைய வலது இறக்கை தொங்கிப்போயிருந்தது.

அடுத்த நாழிகையிலேயே ஓடு உடைந்தது. ஈரமும் நடுக்கமுமாக ஒரு குஞ்சு வெளியே வந்து, பனிமொழியின் குரலைக் கேட்டு அவள் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்தது. உருண்டும் விழாத முட்டையிலிருந்து வந்ததால் அதற்கு உருளி என்று பெயர் வைத்தாள். அலையாண்டி எட்டி நின்று பார்த்தான். பக்கத்தில் வர அவனுக்கு வெட்கமாக இருந்தது. என்னால்தானே அவளுக்கு இந்தக் கதி என்று தன்னையே நொந்துகொண்டான்.

அந்த வெட்கம் அவனை என்ன செய்தது தெரியுமா? இன்னும் அதிகமாக ஓட வைத்தது. பனிமொழியால் பறக்க முடியாது. இரண்டு வயிற்றுக்கும் அவன்தான் மீன் கொண்டுவர வேண்டும். போனான், வந்தான், போனான், வந்தான். வாயில் மீனோடு வருவான், வைத்துவிட்டு அடுத்த மீனுக்குப் பறப்பான். உருளி 'கீ' என்று தலையைத் தூக்குவதற்குள் ஆள் இருக்கமாட்டான். அப்படி ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம்.

ஒரு நாள் உருளி கேட்டது, "அம்மா, இந்த மீன்காரர் யாரு? நல்லவரா இருக்காரு."

பனிமொழிக்குக் கண் கலங்கிவிட்டது. "அவரு உன் அப்பாடா கண்ணு," என்றாள். உருளி மீனை விழுங்கிக்கொண்டே தலையாட்டியது. அதற்கு அந்த வார்த்தை வெறும் வார்த்தைதான்.

குதிக்கும் நாள் வந்தது. சூரியன் இறங்கிவந்து கடலைத் தொட்டுவிட்டு மறுபடி மேலே ஏறுகிற நேரத்தை மாலை என்று வைத்துக்கொள்வோம். அப்படி மூன்று மாலை குதிப்பார்கள். மூன்றாம் மாலையோடு மலை காலி. அதற்கப்புறம் விளிம்பில் தோளும் கிடையாது, காவலும் கிடையாது. மிஞ்சி நிற்கிற குஞ்சு தீவட்டிக்குத்தான்.

முதல் மாலை! அலையாண்டி கீழே போய் மிதந்தான். அவனைச் சுற்றி ஆயிரம் அப்பாக்கள். "வாடா! வாம்மா! குதி, குதி!" என்று கடலே கத்தியது. மேலேயிருந்து குஞ்சுகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன, ஒவ்வொன்றும் தன் அப்பாவை நோக்கி நீந்தின. அலையாண்டி தொண்டை கிழியக் கூப்பிட்டான்.

"உருளி! வாடா! குதி!"

மேலே பனிமொழி, "போ கண்ணு, உங்கப்பா கூப்பிடுறாரு," என்றாள்.

உருளி எட்டிப் பார்த்தது. ஆயிரம் தலை, ஆயிரம் குரல். "எதும்மா அப்பா குரல்? எனக்குத் தெரியலையே," என்று பின்வாங்கி அவள் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டது.

இரண்டாம் மாலை. அலையாண்டி ஒரு தந்திரம் யோசித்தான். பிள்ளைக்கு அம்மா குரல்தானே தெரியும்? தொண்டையைக் குறுக்கிக்கொண்டு, பனிமொழி மாதிரியே கூப்பிட்டான். "கண்ணு உருளி, வாடா தங்கம்!"

சுற்றியிருந்த அப்பாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். உருளி குழம்பிப்போய் அம்மாவின் மூக்கைப் பார்த்தது.

"அம்மா, நீ வாயே திறக்கல, ஆனா உன் குரல் கடல்ல கேட்குது! எனக்குப் பயமா இருக்கு!" என்று முன்னைவிட உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

அலையாண்டி மேலே வந்தான். விளிம்பில் பாதி இடம் காலியாகிவிட்டது. கூர்மூக்கன்கூடத் தன் குஞ்சோடு கடலுக்குப் போய்விட்டான். எதிர்ப்பாறையில் தீவட்டி சிறகைக் கோதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவசரமே இல்லை அதற்கு.

பனிமொழி சொன்னாள், "நாளைக்கு நானே இதோட குதிக்கிறேன்."

"உன்னால முடியாது. இந்த இறக்கையோட பக்கத்துல முங்கி உன் வயித்துக்கு ரெண்டு மீன் பிடிப்ப. நடுக்கடல்ல ரெண்டு மாசம் இதுக்கு எப்படி மீன் புடிச்சுப் போடுவ? ரெண்டு பேரும் செத்துப்போவீங்க."

"அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

அலையாண்டி பழக்கதோஷத்தில், "நான் போய் மீன் கொண்டாறேன். வந்து..." என்று இறக்கையை விரித்தான்.

"மீன் வேணாம்!" பனிமொழி கத்திவிட்டாள். அவனைப் பார்த்து அவள் கத்தியதே இல்லை. "மண்ணு வேணாம், புல்லு வேணாம், மெத்தை வேணாம், மீனும் வேணாம். இன்னிக்கு ஒரு நாளு இங்க நில்லுங்க. பேசுங்க."

அலையாண்டி இறக்கையை மடக்கினான். உருளிக்குப் பக்கத்தில் போய் நின்றான். இவ்வளவு கிட்டத்தில் அதை அவன் பார்த்ததே இல்லை. இடது கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

என்ன பேசுவது? கடைசியில், பேச வேறு ஒன்றும் தெரியாததால், நடந்ததையே சொன்னான்.

"நான் ஒரு முட்டாளுடா. உனக்கு வீடு கட்டுறேன்னு ஓடைக்குப் போனேன். மண்ணுல மூக்க விட்டேன். மாட்டிக்கிச்சு."

உருளி தலையைச் சாய்த்தது. "அப்புறம்?"

"இழுத்தேன், இழுத்தேன், பொளக்குன்னு வந்துச்சு. மல்லாக்க விழுந்தேன். ஐயோ, என் மூக்குன்னு கத்துனேன்."

உருளி 'கீ' என்று சிரித்தது. பிறகு, "இன்னொரு தடவ சொல்லுங்க!" என்றது.

இன்னொரு தடவை சொன்னான். பிறகு வளைக்குள் தலையை விட்டதைச் சொன்னான், "ஐயோ, என் மூக்கு!" பிறகு கடல்வாத்திடம் அடி வாங்கியதைச் சொன்னான், "ஐயோ, என் மூக்கு!" உருளி புரண்டு புரண்டு சிரித்தது. மண்ணழகி மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். பனிமொழி ஒரு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள், அந்த வலியிலும். அன்று சூரியன் ஒரு முழுச் சுற்று வரும்வரை அவன் வாய் ஓயவே இல்லை. வாய் நிறைய மெத்தை அடைத்துக்கொண்டு கத்த முடியாமல் நின்றதையும் மறைக்காமல் சொன்னான். அப்போது மட்டும் உருளி சிரிக்கவில்லை.

"நீங்க மீன்காரர்தானே?" என்று மெதுவாகக் கேட்டது.

"மீன்காரனும் நான்தான். மூக்கு மாட்டுனவனும் நான்தான். உன் அப்பனும் நான்தான்டா."

உருளி யோசித்தது. பிறகு அம்மாவின் பாதத்திலிருந்து இறங்கி, அவன் பாதத்தின் மேல் ஏறி நின்றுகொண்டது. அலையாண்டி அசையவே இல்லை.

மூன்றாம் மாலை வந்துவிட்டது!

கடைசிக் கூட்டம். கடலெல்லாம் அப்பாக்கள். அலையாண்டி கீழே இறங்கி மிதந்தான். மேலே விளிம்பில் வெள்ளைப் புள்ளியளவுக்கு உருளி தெரிந்தது. அதற்கும் மேலே தீவட்டி வட்டமிடத் தொடங்கிவிட்டது.

நாலு பேர் நடுவே மரியாதையாக இருக்க வேண்டுமே என்று, "உருளி! வாடா மகனே!" என்று கம்பீரமாகக் கூப்பிட்டான். எல்லா அப்பாக்களும் அதையேதான் கூப்பிட்டார்கள். இரைச்சலில் இவன் குரல் கரைந்துபோயிற்று. உருளி இங்கே பார்த்தது, அங்கே பார்த்தது, ஒரு காலைப் பின்னால் வைத்தது. தீவட்டி வட்டத்தைச் சுருக்கியது.

மறுபடி கூப்பிட்டான். உருளி இன்னொரு காலையும் பின்னால் வைத்தது.

மானமாவது மண்ணாவது! அலையாண்டி கழுத்தை நீட்டி, வானத்தைப் பார்த்து, உயிர் போகிற மாதிரி கத்தினான்.

"ஐயோ, என் மூக்கு!"

கடல் கப்பென்று அடங்கிவிட்டது. ஆயிரம் அப்பாக்களும் வாயைப் பிளந்தபடி அவனைப் பார்த்தார்கள். இந்த ஆளுக்குப் பைத்தியமா?

அந்த அமைதியில், எண்ணூறு அடி உயரத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. 'கீ!'

"அம்மா, அது எங்கப்பா!"

குதித்துவிட்டது!

குட்டை இறக்கைகளை விரித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே விழுகிறது உருளி. தீவட்டி பாய்கிறது. இன்னும் நானூறு அடி. தீவட்டி நெருங்கிவிட்டது. இன்னும் நூறு அடி. தீவட்டி வாயைத் திறந்துவிட்டது. அலையாண்டி தண்ணீரிலிருந்து எம்பினான். சேற்றில் மாட்டி, கடிபட்டு, அடிபட்டு, எல்லா அவமானமும் பார்த்த அந்த ஊசிமூக்கை நேராகத் தீவட்டியின் மூக்கிலேயே இறக்கினான். தீவட்டி என்ன சொல்லிக் கத்தியது என்று உங்களுக்கே தெரியும், நான் வேறு சொல்ல வேண்டுமா?

பொத்தென்று உருளி தண்ணீரில் விழுந்தது. முங்கியது. எழுந்தது. நேராக அப்பனின் நெஞ்சில் போய் முட்டிக்கொண்டது.

ஆயிரம் அப்பாக்களும் ஆரவாரம் செய்தார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாகத் திரும்பி, நடுக்கடலை நோக்கி நீந்தத் தொடங்கினார்கள். தொங்கிய இறக்கையோடு விளிம்பின் நுனியில் நின்ற பனிமொழி காதைக் கொடுத்துக் கேட்டாள். வெகுதூரம் வரைக்கும் ஒரு குரல் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போயிற்று, இன்னொரு சின்னக் குரல், "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே போயிற்று. அவள் அழுதாள். அழுகையிலும் அவளுக்குச் சந்தோஷம்தான்.

பிறகு அவளும் கடலில் இறங்கி, பக்கத்திலேயே முங்கி மீன் பிடித்துத் தின்றாள். கோடை முடிவதற்குள் அவள் இறக்கை கூடிற்று. அடுத்த கோடையில் அலையாண்டியும் பனிமொழியும் அதே வெறும் பாறையில், அதே இடத்தில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். புது முட்டை பேச ஆரம்பித்ததும் மண்ணழகி வழக்கம்போல எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, இந்த வருஷமும் வீடு இல்லையா?"

அலையாண்டி காதில் அது விழவே இல்லை. குனிந்து, முட்டையிடம், "அப்பறம் என்னாச்சுன்னா, அந்த மூக்கு..." என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இத நான் நேத்தே மூணு தடவ கேட்டுட்டேன்," என்று முனகினான் கூர்மூக்கன். ஆனால் ஓர் அங்குலம்கூடத் தள்ளி நிற்கவில்லை.

முட்டையும் கேட்டுவிட்டது, நீங்களும் கேட்டுவிட்டீர்கள். கதையின் நீதி இதுதான்: பிள்ளைக்காக ஓடி ஓடி எதைச் சேர்த்தாலும், பக்கத்தில் நின்று பேசிய பேச்சுதான் ஆபத்து வேளையில் அதற்குத் துணை நிற்கும்.